முதலில் ஆர்.சி., பிறகுதான் எல்.எல்.ஆர்.: கையால் கார் ஓட்டக் கற்ற அனுபவம்

எனக்கு வயது 42. இரண்டு வயதில் வந்த போலியோவால் வலது கால் முற்றிலும் வலுவிழந்தது; தொடை வரை நீளும் காலிப்பர் என்ற தாங்குகருவி இல்லாமல் நிற்க இயலாது. பத்தொன்பது ஆண்டுகளாகப் பேருந்தில் ஏறி இறங்கிப் பள்ளிக்கு ஆசிரியையாகச் சென்றுவந்த எனக்குச் சென்ற மாதம்தான் ஓட்டுநர் உரிமம் தபாலில் வந்து சேர்ந்தது. கார் ஓட்டக் கற்க ஐந்து வாரங்கள் போதுமானவையாக இருந்தன. உரிமம் கைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் ஏறத்தாழ பாதி, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததால் நானே வீணாக்கியவை.

எங்கள் ஊரில் மூன்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளை அணுகினேன். முதல் இடத்தில் இருந்தவர் காலிப்பரைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் என் கணவரிடம், "சார்தான் ஓட்டுறீங்களே, மேடத்துக்கு எதுக்கு ரிஸ்க்கு?" என்றார். இரண்டாம் இடத்தில் பேச்சு இன்னும் இனிமையாக இருந்தது: "நீங்க வண்டியைத் தொடவே வேண்டாம் டீச்சர், லைசென்ஸ் வீட்டுக்கு வந்துரும்." எனக்கு வேண்டியிருந்தது ஓட்டத் தெரிவது என்று அவருக்கு விளக்க முயன்று தோற்றேன். மூன்றாம் பள்ளியை நடத்திய பெரியவர் மட்டும், தம்மிடம் இருப்பவை எல்லாம் கிளட்ச் வண்டிகள் என்றும், எனக்கேற்ற வண்டியை நானே கொண்டுவந்தால் அதில் கற்றுத்தருவதாகவும் நேர்மையாகச் சொன்னார்.

இதில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. இடது கால் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் ஓர் ஆட்டோமேட்டிக் காரில் எந்த மாற்றமும் இல்லாமலே ஓட்டிவிடலாம். வலது கால் இயங்காத எனக்கு ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் கைக்கு வர வேண்டியிருந்தது. அப்படி மாற்றியமைத்த வண்டியை நான் பார்த்த எந்தப் பயிற்சிப் பள்ளியும் வைத்திருக்கவில்லை. ஆகவே, ஓட்ட வருமா வராதா என்பது தெரிவதற்கு முன்பே காரை வாங்கிவிட வேண்டியிருந்தது. பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை என் பெயரில் வாங்கினேன். காரைப் பதிவுசெய்ய உரிமம் தேவையில்லை என்பதால் அது எளிதாக முடிந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் அரை நாளில் கைக்கருவியைப் பொருத்திக் கொடுத்து, 32,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். "இதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதற்கான விலையைப் பின்னால் சொல்கிறேன்.

எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் கொடுத்தேன். அந்தத் தம்பி வழக்கம்போல் இலகுரக வாகனம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்துப் பணத்தையும் கட்டிவிட்டார். அலுவலகத்தில் அது உடனே திரும்பியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு 'இன்வாலிட் கேரேஜ்', அதாவது இயலாதவரின் வண்டி, என்ற பெயரில் ஒரு வகை இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 'அடாப்டட் வெகிக்கிள்', அதாவது மாற்றியமைக்கப்பட்ட வாகனம், என்று மாற்றியது. நம்மைப் போன்றவர்கள் அந்த வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்தில் பெயர் மாறினாலும் எங்கள் கவுண்டரில் இருந்தவர் பழைய பெயரையே உரக்கச் சொல்லி என்னை அழைத்தார். அதற்கு என்ன பொருள் என்பது வரிசையில் நின்ற சிலருக்காவது தெரிந்திருக்கும்.

அடுத்தது மருத்துவச் சான்று. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் படிவம் 1ஏ எப்படியும் தேவை. அதில், ஓட்டுநர் பணிக்கு இடையூறான உடற்குறை ஏதும் உண்டா, உண்டெனில் விவரம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. நான் முதலில் சென்ற மருத்துவர் 'ஆம், வலது கால்' என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டார். அந்த வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, "டாக்டரே முடியாதுன்னு எழுதிட்டாரே" என்று எழுத்தர் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுவாரம் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காரையே கொண்டுபோய், கருவியைக் காட்டி, 'வலது கால் இயங்காது. கைக்கட்டுப்பாடு பொருத்திய வாகனத்தை ஓட்டத் தகுதியானவர்' என்று முழு வாக்கியமாக எழுதி வாங்கினேன். மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் 'தகுதியானவர்' என்று முடியும் அந்த இரண்டாம் பாதி தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்.எல்.ஆர். தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்தது.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். என் ஆசிரியரான அந்த மூன்றாம் பள்ளிப் பெரியவரை நான் அண்ணாச்சி என்றே அழைத்தேன். முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குக் கற்றுத்தருபவர் என்றாலும் கைக்கருவியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் இரண்டு நாள்கள் அவர் எனக்கு எதுவும் கற்றுத்தரவில்லை. காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில், தம் கால்களைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு கையால் மட்டும் ஓட்டிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்போதெல்லாம் தம்மையே திட்டிக்கொண்டார். மூன்றாம் நாள், "இப்ப எனக்கே புரிஞ்சிருச்சு, உட்காருங்க டீச்சர்" என்றார். அந்த இரண்டு நாள்களுக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை.

என் வண்டியில் ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் ஒரு பிடி இருக்கிறது. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர். வலது கை ஸ்டீயரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்துக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால், நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கியரை மாற்ற வேண்டும். இரண்டுமே இடது கையின் வேலைகள். அதற்காகப் பிடியில் பிரேக்கைப் பூட்டி வைக்கும் சிறிய கொக்கி ஒன்று உண்டு. பொருத்தியவர் அதைப் பற்றி எதுவும் சொல்லாததால், அப்படி ஒன்று இருப்பதையே ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அதுவரை வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிரேக்கைப் பிடித்ததில் தோள்பட்டை வீங்கிவிட்டது.

பயிற்சி தொடங்கிய நான்காம் நாள் நடந்ததை இன்றும் மனம் பதறாமல் நினைக்க முடியவில்லை. ஒரு வளைவில் காலிப்பரோடு சேர்ந்த என் வலது காலணி நழுவிப் பிரேக் மிதியின் அடியில் சிக்கிக்கொண்டது. கையால் பிடியை எவ்வளவு தள்ளியும் பிரேக் பாதிக்குமேல் இறங்கவில்லை. பயிற்சிப் பள்ளி வண்டிகளில் ஆசிரியர் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக் என் வண்டியில் இல்லை. அண்ணாச்சி கைப்பிரேக்கை இழுத்து, கோயில் மதில் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினார். மறுநாளே ஒரு பட்டறையில் மிதிகளை மறைக்கும் இரும்புத் தகடு ஒன்று செய்து, நான்கு திருகுகளால் பொருத்தினோம். காலில் உணர்ச்சியோ கட்டுப்பாடோ குறைந்தவர்கள் இந்தத் தகடு இல்லாமல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. கருவி பொருத்துபவரிடமே இதையும் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து வாரங்களில் சந்தை நாள் நெரிசலிலும் ஓட்டுமளவுக்குத் தேறினேன். தேர்வு நாளன்று காலை ஏழரை மணிக்கே போய்ச் சேர்ந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளத்தில் வரிசையாக இருசக்கர வாகனங்கள் நின்றதால், பதினோரு படிகளைக் கைப்பிடிச் சுவரைப் பற்றி ஏறினேன். ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, வாங்கிப் பார்த்தார், கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறலையே?"

வண்டியில் மாற்றம் செய்தால் பதினான்கு நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் தெரிவிக்கவில்லை. பதிவின்படி என் கார் இன்னும் சாதாரணக் கார். அதில் எனக்குத் தேர்வு வைக்க அவருக்கு வழியில்லை. வண்டியை ஒரு மீட்டரும் நகர்த்தாமல் திரும்பினோம்.

அதற்குப் பின் ஒன்பது வாரங்கள் அலைந்தேன். கருவிக்குப் புனேயில் உள்ள, வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் ஒப்புதல் இருந்தும், அந்தச் சான்றின் நகலைப் பொருத்தியவர் எனக்குத் தந்திருக்கவில்லை. தொலைபேசியில் மூன்று வாரம் துரத்திய பிறகு கூரியரில் வந்த நகலில் கருவியின் எண் மங்கிப் படிக்க முடியாமல் இருந்தது, மீண்டும் துரத்தினேன். எழுத்தர் ஒருவர் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையைக் கேட்டார், அதைக் கொடுத்ததும் அடுத்த மேசையில் இருந்தவர் ஊனச் சதவீதச் சான்றின் மூலத்தைக் கேட்டார். அட்டையிலேயே சதவீதம் அச்சிட்டிருக்கிறது என்று காட்டியபோது, "அது தெரியும், இருந்தாலும் வேணும்" என்பதே பதில். வண்டியை நேரில் பார்க்க வேண்டிய நாளில் அதிகாரி விடுப்பில் இருந்தார். இதற்கிடையே எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும் என்பது என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றம் ஆர்.சி.யில் ஏறியபோது மீதம் இருந்தவை பத்தொன்பது நாள்கள்.

எனவே, இந்த வழியில் வரப்போகிறவர்கள் கருவியைப் பொருத்துவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் அனுமதியைப் பற்றி எழுத்து மூலம் கேளுங்கள், ஒப்புதல் சான்றைக் கையில் வாங்காமல் பொருத்தியவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், ஆர்.சி.யில் மாற்றம் ஏறிய பிறகே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த ஆர்.சி. நகலை அனுப்பிவிடுங்கள். புதிய கார் வாங்குபவர்கள் வரிச் சலுகைகளைப் பற்றிக் காரை வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். பழைய வண்டி வாங்கிய எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாம் முறை அதே ஆய்வாளர்தான் வந்தார். பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர், தம் வலது கையைக் கைப்பிரேக்கின் மீது வைத்துக்கொண்டார். மைதானத்தின் ஓரத்தில் இருந்த மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னார். கொக்கியைப் பூட்டினேன், கியரை மாற்றினேன், கொக்கியை விடுவித்துப் பிடியை இழுத்தேன். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை. பின்னோக்கி ஓட்டி முடித்தபோது அவருடைய கை மடியில் இருந்தது. "இந்தக் கொக்கி நல்லா இருக்கே" என்று அதை இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

இப்போது பள்ளிக்குக் காரில்தான் போகிறேன். என் கணவர் அந்தக் காரை ஓட்ட வேண்டுமானால் மிதிகளின் மேலுள்ள தகட்டைக் கழற்ற வேண்டும். நான்கே திருகுகள்தான், இதுவரை அவர் திருப்புளியைக் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.