அவரை மறுபடி அழைக்கலாமா?

தேர்தல் முடிந்த சில நாட்களில் வாக்குச்சாவடி மேலாளர்களுக்கு ஒரு படிவம் வரும். நம்மோடு வேலை பார்த்த ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே ஒரு கேள்வி இருக்கும்: அடுத்த தேர்தலுக்கு இவரை மறுபடி அழைக்கலாமா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சாவடிக்கு மேலாளர் நான். 2024 நவம்பரில் ஒரு பெயருக்கு நேரே ‘ஆம்’ என்று குறித்து அனுப்பினேன். அந்த ‘ஆம்’ இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. தவறு என்று நான் நினைக்கவில்லை. சரி என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

அவர் ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன். அட்லாண்டாவுக்கு வெளியே எங்கள் சாவடியில், வாக்குச் சீட்டைப் படித்து எண்ணும் ஸ்கேனருக்குப் பக்கத்தில் நிற்பார். ஜார்ஜியாவில் வாக்காளர் தொடுதிரையில் தேர்வு செய்ததும் ஒரு தாள் அச்சாகி வரும். அந்தத் தேர்தலில் அதில் தேர்வுகள் எழுத்திலும் இருந்தன, கியூஆர் குறியீடாகவும் இருந்தன. அந்தத் தாள் பெட்டிக்குள் விழும்வரை வாக்காளரின் மேல் கண் இருக்க வேண்டும், தாளின் மேல் கண் போகக்கூடாது. அப்படி நிற்க எல்லோருக்கும் வராது. அவருக்கு வரும். “ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்” என்று காலை 7 மணிக்கு வந்தவரிடம் சொன்ன அதே குரலில் மாலை 7 மணிக்கு வந்தவரிடமும் சொல்வார்.

அன்றிரவு கதவைச் சாத்தியபின் கணக்குப் பார்த்தோம். பெயர் சரிபார்த்து உள்ளே விட்டவர்களின் எண்ணிக்கையைவிட ஸ்கேனர் காட்டிய எண்ணிக்கை ஒன்று குறைந்தது. இது நடக்கக்கூடியதுதான். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், படிவத்தில் அதற்கு இடமும் உண்டு. விடிவதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். அவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிற்பகலில் குழந்தையோடு வந்த ஒரு பெண், குழந்தை அழுததால் வாக்களிக்காமலேயே, தொடுதிரையைத் திறக்கும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது அவருக்கு நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினோம். மேஜையில் இருந்தவர் அதை எழுதியிருந்தார், ஆனால் பதிவை ரத்து செய்திருக்கவில்லை. கணக்கு நேரானது. மூன்று பேரும் கையெழுத்திட்டோம்.

பைகளைக் காரில் ஏற்றும்போது அவர் சொன்னார்: “இங்கே ஒரு ஓட்டுக்கு இவ்வளவு தேடுகிறோம். 2020இல் ஃபுல்டன் கவுண்டியில் அப்படியே திருடிக்கொண்டு போனார்கள்.” 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் பைடனிடம் தோற்றது மோசடியால்தான் என்ற பேச்சைச் சொன்னார். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. அட்லாண்டாவின் பெரும்பகுதி ஃபுல்டனில் இருக்கிறது.

“நீங்கள் அங்கே இருந்தீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. வீடியோ பார்த்தேன்.”

“அந்த வருஷம் நம் கவுண்டியில் கையால் எண்ணிய மேஜை ஒன்றில் நான் இருந்தேன்.”

“உங்களை நம்புகிறேன்” என்றார். “நீங்கள் இல்லாத மேஜைகளைத்தான் நம்பவில்லை.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது முக்கியமில்லை. உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. பின்னால் சமையலறையில் நின்றபடி எத்தனையோ பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். 2020 நவம்பரில் ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச் சீட்டுகளையும் மனிதக் கைகள் எண்ணின. மேஜைக்கு இரண்டு பேர். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரை வாய்விட்டுப் படித்துக் கொடுப்பார். மற்றவர் தாமும் பார்த்து, படித்து, பைடன், டிரம்ப், ஜோர்கென்சன் என்று அந்தந்த அடுக்கில் வைப்பார். கட்சிகளின் பார்வையாளர்கள் மேஜைகளுக்கிடையே நடந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் யாருக்கு வாக்களித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. அந்த எண்ணிக்கையில் சில கவுண்டிகளில் முதலில் விடுபட்டுப்போன சீட்டுகள் வெளியே வந்தன. ஃப்ளாய்ட் கவுண்டியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றைச் சேர்த்தபோது டிரம்புக்குக் கொஞ்சம் வாக்கு கூடியது, முடிவு மாறவில்லை. பிறகு இயந்திரத்தில் இன்னொரு முறை எண்ணினார்கள். மூன்று எண்ணிக்கையும் முடிந்து நின்ற வித்தியாசம் 11,779.

அவர் பார்த்த வீடியோவைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். அட்லாண்டாவில் ஃபுல்டன் கவுண்டியின் வாக்குகளை எண்ணிய ஸ்டேட் ஃபார்ம் அரங்கில் எடுத்தது. 2020 டிசம்பர் 3 அன்று மாநில செனட் விசாரணையில் டிரம்பின் வழக்கறிஞர்கள் அதில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டி, மேஜைக்கு அடியிலிருந்து பெட்டி பெட்டியாகக் கள்ள ஓட்டு வந்தது என்றார்கள். அவை வழக்கமான வாக்குச் சீட்டுப் பெட்டிகள். முழு வீடியோவையும் பார்த்த மாநில விசாரணையாளர்கள் அடுத்த நாளே அப்படிச் சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தில் இருந்த ரூபி ஃப்ரீமனும் அவர் மகள் ஷே மாஸும் எங்களைப் போன்ற தேர்தல் பணியாளர்கள். தாய் மகளிடம் கொடுத்தது ஒரு இஞ்சி மிட்டாய். அதை ஓட்டு இயந்திரத்தில் செருகும் யுஎஸ்பி என்றார் டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப், ஜார்ஜியாவின் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்ட அதே உரையாடலில் ஃப்ரீமனின் பெயர் 18 முறை வருகிறது. நாட்டின் அதிபர், ஒரு தற்காலிகத் தேர்தல் ஊழியரின் பெயரை 18 முறை சொல்கிறார். எஃப்.பி.ஐ. எச்சரித்ததால் அந்த அம்மாள் வீட்டைவிட்டு வெளியேறினார்.

இதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? தெரியாது. ஆனால் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது என் முன்னால் இருந்த கேள்வி அவர் எதை நம்புகிறார் என்பது அல்ல. என்ன செய்தார் என்பது. செய்தது அப்பழுக்கில்லாத வேலை. மதுரைப் பக்கம் தலைமையாசிரியையாக இருந்த என் அம்மா, தேர்தல் என்றால் ஆணையைப் பெற்றுக்கொண்டு முதல் நாளே பெட்டியோடு கிளம்பிவிடுவார். மறுக்க வழியில்லை. இங்கே தேர்தலை நடத்துவது கவுண்டிகள், ஜார்ஜியாவில் மட்டும் 159. சாவடியில் நிற்பவர்கள் விண்ணப்பித்து வந்த அக்கம்பக்கத்தார். 2020க்குப் பிறகு பலர் பயந்து விலகிவிட்டார்கள். நேர்மையான, அனுபவமுள்ள ஒருவரை அவர் மனதில் இருப்பதற்காக வெளியே அனுப்பினால், அவர் போய் நிற்கும் இடத்தில் அந்தச் சந்தேகத்தை மறுக்க யாரும் இருக்கமாட்டார்கள். உள்ளே இருந்தால் கணக்கு எப்படி நேராகிறது என்பதையாவது வருஷா வருஷம் தன் கையால் பார்ப்பார். இப்படி நினைத்துத்தான் ‘ஆம்’ போட்டேன்.

இதற்கு மறுபக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. ஜார்ஜியாவின் காஃபி கவுண்டியில் 2021 ஜனவரி 7 அன்று வெளியாட்கள் வந்து தேர்தல் மென்பொருளை நகலெடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் பூட்டை உடைக்கவில்லை, உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். கொலராடோவின் மேசா கவுண்டியில் தேர்தல் பொறுப்பிலிருந்த டீனா பீட்டர்ஸ், வேறொருவரின் அடையாள அட்டையில் ஓர் ஆளை உள்ளே விட்டு இயந்திரத்தின் தகவல்களை நகலெடுக்க வைத்தார். அவர்களும் கடமையைச் செய்வதாகத்தான் நம்பினார்கள். நம்பிக்கை எந்தக் கட்டத்தில் செயலாக மாறும் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அன்றிரவு அவர் அந்த ஒரு ஓட்டைத் தேடியது கடமை உணர்ச்சியாலா, எங்களைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தாலா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதுதான் என் சங்கடம்.

இதை ஒருவரிடம் சொன்னேன். முன்பு தேர்தல் அலுவலகத்தில் முழுநேரமாக வேலை பார்த்தவர், கருப்பினப் பெண், எனக்குப் பயிற்சி கொடுத்தவர். 2020 குளிர்காலத்தில் அவர் வீட்டுத் தொலைபேசிக்கு வந்த அழைப்புகளுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் நல்ல மனிதர்தான். எனக்கு இரவில் போன் செய்தவர்களும் அவரவர் அண்டை வீட்டாருக்கு நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். “யாராவது இதற்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்லியிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். யார் சொன்னார்கள்?” என்றும் கேட்டார்.

யார் சொன்னார்கள் என்று கணக்கெடுத்துப் பார்க்கிறேன். பீட்டர்ஸுக்கு 2024 அக்டோபரில் ஒன்பது ஆண்டு சிறை விதித்தார்கள். ஜார்ஜியாவின் 2020 முடிவை மாற்ற முயன்றதாக டிரம்ப் உள்ளிட்டோர் மீது போடப்பட்ட ஃபுல்டன் வழக்கில், டிரம்பின் வழக்கறிஞர்களில் ஒருவரான சிட்னி பவல் 2023இல் ஆறு சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது ஆறு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 6,000 டாலர் அபராதமும். ஜூலியானி, ஃப்ரீமனுக்கும் மாஸுக்கும் 14.8 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று ஒரு சிவில் ஜூரி சொன்னது. அவருடைய வழக்கறிஞர் உரிமமும் போயிற்று. அவ்வளவையும் தூண்டியவர் என்று குற்றப்பத்திரிகை யாரைச் சொன்னதோ அந்த டிரம்பின் வழக்கு எந்த ஜூரியின் முன்னும் வரவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதிபரின் அலுவல் சார்ந்த செயல்களுக்கு விரிவான பாதுகாப்பு உண்டு என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நவம்பரில் அவர் ஜெயித்ததும், பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்தக்கூடாது என்ற நீதித்துறைக் கொள்கையின்படி, 2020 முடிவை மாற்ற முயன்றதாக அவர் மீது தனியாக இருந்த கூட்டாட்சி வழக்கைக் கைவிட்டார்கள். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் ஏறத்தாழ 1,500 பேருக்கு அவர் மன்னிப்பு வழங்கினார். மேலே சொன்ன ஃபுல்டன் வழக்கில் அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ், தாமே நியமித்த சிறப்பு வழக்கறிஞரோடு இருந்த உறவின் காரணமாக விலக்கப்பட்டார். 2025 நவம்பர் 26 அன்று, பொறுப்பேற்றுக்கொண்ட புதிய வழக்கறிஞர் கேட்டுக்கொண்டபடி வழக்கு முழுவதும் தள்ளுபடியானது.

கவுண்டி மட்டத்தில் கை வைத்தவர்களைத் தண்டிக்க முடிந்திருக்கிறது. மேலே போகப் போக முடியவில்லை. இப்படி ஒரு நிலையில் ஓய்வு பெற்ற ஒரு எலெக்ட்ரீஷியனைச் சாவடிக்கு வெளியே நிறுத்துவதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாத இடத்தில் வாங்க முடியாத பதிலைக் கைக்கு எட்டியவரிடம் வாங்குவதாக ஆகிவிடும். ஆனால் இதைச் சொல்லி முடித்ததும் இன்னொன்று தோன்றுகிறது. மேலே யாரும் தீர்ப்புச் சொல்லாதபோது தேர்தலைக் காப்பதற்கு மிச்சம் இருப்பது நானும் அந்தப் படிவமும்தானே? நான் கண்டிப்போடு இல்லாவிட்டால் வேறு யார் இருப்பார்கள்? இரவில் இரண்டு எண்ணமும் மாறி மாறி வரும். எது வந்தாலும் அந்த நேரத்துக்கு அதுவே சரி என்று படும்.

வழக்கு தள்ளுபடியான அன்று அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நாள் நன்றி தெரிவிக்கும் நாள், அதற்கு வாழ்த்து. கூடவே, “பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.”

இந்த முறை பதில் எழுதினேன். தள்ளுபடி என்பது விடுதலை ஆகாது என்று எழுதினேன். பதவியில் இருக்கும் அதிபரை ஜார்ஜியா நீதிமன்றத்தில் நிறுத்தப் பல ஆண்டுகள் ஆகும், இதைக் கூட்டாட்சி அரசு விசாரிப்பதே பொருத்தம் என்பவைதான் புதிய வழக்கறிஞர் சொன்ன காரணங்கள். ஓட்டு திருடப்பட்டது என்று அதில் எங்கும் இல்லை. ஃப்ரீமனைப் பற்றியும் மாஸைப் பற்றியும் தான் சொன்னவை உண்மையல்ல என்பதை மறுக்கப்போவதில்லை என்று 2023இல் ஜூலியானியே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்தேன். மாநிலத் தேர்தல் வாரியம் அந்த வீடியோ புகாரை ஆதாரமற்றது என்று முடித்துவைத்ததையும் எழுதினேன். கவனமாக, மரியாதையாக எழுதினேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவர் திருப்பி ஒரே ஒரு வரி அனுப்பினார்: “அப்படிக் குற்றம் செய்திருந்தால் ஏன் விசாரித்து முடிக்கவில்லை?”

எனக்குப் பயிற்சி கொடுத்த அந்தப் பெண் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். அவர் எதிர்த்திசையிலிருந்து கேட்டார், இவர் இந்தத் திசையிலிருந்து கேட்கிறார். ஒருவருக்கு அது நீதி வராததற்கு அடையாளம், இன்னொருவருக்குக் குற்றமே நடக்காததற்கு அத்தாட்சி. ஒரு திறந்த நீதிமன்றத்தில், சத்தியப் பிரமாணத்தின் கீழ், ராஃபென்ஸ்பெர்கர் முதல் அந்த அரங்கில் சீட்டு எண்ணியவர்கள் வரை எல்லோரும் சாட்சி சொல்லி, ஃபுல்டன் கவுண்டியின் பன்னிரண்டு பேர் ஜூரியாக உட்கார்ந்து கேட்டிருந்தால், தீர்ப்பு எதுவாக இருந்தாலும் இருவருக்கும் காட்ட என்னிடம் ஏதாவது இருந்திருக்கும். அது நடக்கவிடாமல் போனதற்குக் காரணமானவர்கள் மேல் எனக்குள்ள கோபம் தணியவில்லை. வழக்கைத் தாமதப்படுத்தியவர்கள் மேலும் உண்டு, அதைக் கவனக்குறைவாக நடத்தியவர்கள் மேலும் உண்டு. அடுத்த பயிற்சி வகுப்புக்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, நான் குறித்து அனுப்பியபடியே. அவருக்குப் பக்கத்தில் ஸ்கேனரில் நிற்க இன்னொருவரும் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். எல்லாச் சாவடிக்கும் அது நல்லதுதான். ஆனால் அவர் இல்லாவிட்டால் கேட்டிருப்பேனா என்பதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.