தாய்லாந்து விசாவும் ஒரு பழைய எக்ஸ்ரே படமும்

பாங்காக்கில் வேலை பார்க்கும் மகளுக்கு அருகில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தபோது, ஐம்பது வயது நிரம்பியவர்களுக்குத் தாய்லாந்து வழங்கும் ஓ-ஏ என்னும் ஓராண்டு விசாவுக்கு விண்ணப்பித்தோம். வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) இருப்பையோ மாதம் 65,000 பாட் வருமானத்தையோ காட்டுவதுதான் பெரிய பாடாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. என்னை அலைக்கழித்தது ஒரே பக்கத்தில் முடியும் மருத்துவச் சான்றிதழ்.

தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப்பழக்கம், மூன்றாம் கட்ட சிபிலிஸ் ஆகிய ஐந்தும் இல்லை என்று மருத்துவர் பெயர் சொல்லி எழுதித்தர வேண்டும். சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. நோட்டரியின் சான்றொப்பமும் வேண்டும். தொழுநோய்க்கென்றே 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையும், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்த சி.எம்.சி.யும் இருக்கும் வேலூரில் இது அரை நாள் வேலை என்று நம்பினேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் அரை நாள்கூட ஆகவில்லை. 'பயணம் செய்யத் தகுதியானவர்' என்று அச்சடித்து வைத்திருந்த தாளில் என் பெயரை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நோய்களில் ஒன்றின் பெயர்கூட அதில் இல்லை. பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பாவின் பெயர் முழுமையாக இருக்க, தாளில் வெறும் இனிஷியல் மட்டும் இருந்தது. திருத்தித் தரும்படி கேட்டதற்கு, அந்தப் படிவம் மட்டும்தான் தங்களிடம் உண்டு என்றார்கள். கட்டிய பணம் போனது போனதுதான்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் நிதானமானவர். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகிலும் கையிலும் தேமல் போல ஏதாவது உண்டா என்று பார்த்தார். பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்த்தார். யானைக்கால் கிருமிகள் இரவில்தான் வெளிரத்தத்துக்கு வரும் என்பதால் அதற்கான ரத்தம் இரவு பத்து மணிக்கு மேல்தான் எடுக்கப்படும் என்றும், என் காலில் வீக்கமோ பழைய காய்ச்சல் வரலாறோ இல்லாததால் அது தேவைப்படாது என்றும் விளக்கினார். சிபிலிஸுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. மனைவிக்கு அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. என் நெஞ்சு எக்ஸ்ரேயில்தான் சிக்கல் வந்தது.

வலப்பக்க நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு தழும்பு தெரிவதாக அறிக்கை சொன்னது. அது 1986இல் எனக்கு வந்த காசநோயின் மிச்சம். மருந்தை முழுதாகச் சாப்பிட்டுக் குணமானவன் நான். ஆனால் அதற்கு என்னிடம் என்ன சான்று இருந்தது? சிகிச்சை அட்டை எப்போதோ கரையான் அரித்துப் போயிற்று. அந்த நாளைய எக்ஸ்ரே படம் பரணில் இருந்தது, பாதிதான் இருந்தது. 1995 அக்டோபர் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக மற்ற பாதியை நானே கத்தரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். (அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதல் என்பது அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.) எஞ்சிய பாதியில் இருந்தது இடது நுரையீரல்!

தழும்பு பழையதுதான் என்று காட்ட வேறு படம் ஏதும் உண்டா என்று மருத்துவர் கேட்டபோதுதான், 2009இல் குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே நினைவுக்கு வந்தது. இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டி, விலா எலும்புகளை எண்ணிக்கொண்டே வந்தவர், 'அதே இடம், அதே அளவு' என்றார். அதோடு விடவில்லை. சளியில் காசநோய்க் கிருமி உண்டா என்று கண்டறியும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு சில மணி நேரத்தில் வந்துவிடும். கிருமி இல்லை என்று உறுதியான பிறகே, 'முன்பு குணமான காசநோயின் தழும்பு; தற்போது நோய் இல்லை' என்று சான்றிதழில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை நானாகக் கேட்டிருக்க மாட்டேன். தழும்பை மறைப்பதே நல்லது என்றுதான் என் மனம் சொல்லியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சான்றிதழ் பயன்படவில்லை. விசாவுக்குத் தேவையான இன்னொரு தாளான காவல்துறை நன்னடத்தைச் சான்று தாமதமாயிற்று. பாஸ்போர்ட்டில் எங்கள் ஆற்காட்டு முகவரி வேலூர் மாவட்டம். 2019இல் மாவட்டம் பிரிந்தபின் எடுத்த ஆதாரில் ராணிப்பேட்டை மாவட்டம். இரண்டும் ஒரே வீடுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. ஆகவே நன்னடத்தைச் சான்றைக் கையில் வாங்கிய பிறகே மருத்துவரிடம் மறுபடி போனேன். அவரும் சிரித்துக்கொண்டே புதுத் தேதியில் எழுதிக் கொடுத்தார்.

குறைந்தது 30 லட்சம் பாட் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விசாவுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாத என் சர்க்கரை நோய் இங்கேதான் பெரிதாயிற்று. காசநோயைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பற்றி ஏழு கேள்விகள். கேட்டதற்கெல்லாம் உண்மையே எழுதினேன், பிரீமியம் கூடியது.

நோட்டரியின் அழுத்து முத்திரை ஸ்கேனில் தெரியாததால், மைமுத்திரையும் போடச் சொல்லி வாங்கி இணையத்தில் பதிவேற்றினேன். விசா வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டுப் படத்தை மடங்காமல் அட்டைகளுக்கிடையே வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அங்கே கிரகணம் ஏதும் வருகிறதா என்று மனைவி கேட்டாள்.