அப்பன் ஆர்ஆர், மகன் க்யூக்யூ: ஒரு கிடா வாங்கிய கதை

ஒஹையோவில் சின்னதாக ஒரு பட்டி வைத்திருக்கிறேன், பதினோரு பெட்டைச் செம்மறி, எல்லாம் கறுப்பு முகத்து சஃபோக். போன வருஷம் கிடா வாங்கியபோது விற்றவர் "இதன் அப்பன் ஆர்ஆர், ஸ்கிரேப்பி பயமே வேண்டாம்" என்றார். ஸ்கிரேப்பி என்பது செம்மறிகளின் மூளையைத் தாக்கும் நோய். 'ஆர்' அதை எதிர்க்கும் மரபணு வகை, 'க்யூ' எளிதில் மாட்டும் வகை; அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு எழுத்து. காகிதம் கேட்டால் தேடி அனுப்புகிறேன் என்றார். இன்னும் தேடுகிறார் போல.

ஸ்கிரேப்பிக்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பிரியான் புரதம் தப்பாக மடிந்து மூளையைத் தின்னும், வெளியே தெரியவே இரண்டு முதல் ஐந்து வருஷம் ஆகும், ஆடு வேலியில் உரசி உரசி ரோமம் கொட்டும்போதுதான் நமக்கு உறைக்கும். அமெரிக்காவில் இது அதிகம் சிக்கியது சஃபோக் இனத்தில்தான், அதனால் சும்மா விட மனசு வரவில்லை. டாக்டரம்மா வந்து கிடாவை மூலையில் ஒடுக்கி, கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து ஊதா மூடிக் குழாயில் அனுப்பினார்.

வந்த முடிவு: பிரியான் மரபணுவின் 136-ஆம் இடத்தில் ஏஏ, 171-ஆம் இடத்தில் க்யூக்யூ. அப்பன் நிஜமாகவே ஆர்ஆர் என்றால் மகனுக்கு ஒரு ஆராவது வந்தே தீர வேண்டும்!

இதில் நானும் கொஞ்சம் குழம்பினேன். பிரிட்டனின் பழைய ஸ்கிரேப்பி ஆபத்துத் தரவரிசையைப் பார்த்தால் இந்த வகை ஐந்தில் மூன்றாவது, நடுத்தரம். சரி, பரவாயில்லையே என்று நினைத்தேன். அங்கே செவியட் மாதிரி இனங்களில் 136-ல் 'ஏ'வுக்குப் பதில் 'வி' இருப்பதுதான் பெரிய ஆபத்து, ஆனால் சஃபோக்கில் அந்த 'வி' அபூர்வம், இங்கே மாட்டுவதே க்யூக்யூ ஆடுகள்தான் என்று டாக்டரம்மா சொன்னபிறகுதான் புரிந்தது. ஒரே மரபணு, இனம் மாறினால் கணக்கும் மாறுகிறது. மரபணு மட்டுமே நோயைக் கொண்டுவந்துவிடுவதில்லை என்பதும் உண்மைதான், ஆஸ்திரேலியாவில் இதே க்யூக்யூ ஆடுகள் ஏராளம், நோய் பரப்பும் பிரியான் அங்கே இல்லாததால் இந்த வழக்கமான, தொற்றும் ஸ்கிரேப்பியும் இல்லை.

என்னை நிஜமாகவே அசரவைத்தது நஞ்சுக்கொடி விஷயம். நோயுள்ள தாய் குட்டி போடும்போது கொடி வழியாகத்தான் மற்ற ஆடுகளுக்கு அதிகம் பரவுகிறது, அந்தக் கொடியில் பிரியான் சேருமா என்பதைத் தாயைவிட வயிற்றில் இருக்கும் குட்டியின் மரபணுதான் தீர்மானிக்கிறதாம். குட்டி க்யூஆர் என்றால் பெரும்பாலும் சேர்வதில்லை. அப்படியானால் பதினோரு பெட்டைகளுக்கும் சோதனைக்குச் செலவு பண்ணுவானேன்? கிடா ஒன்று ஆர்ஆராக இருந்தால் பிறக்கிற குட்டி அத்தனைக்கும் ஒரு ஆர் நிச்சயம்.

பழைய கிடா கறிக்குப் போனது, வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை. புதுக் கிடா ஆர்ஆர் என்று காகிதத்தோடு வந்தது. அதற்கும் ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பட்டிக்குள் விட்டேன்.