ஓரியூர்க் கடன்

ஆறு வருடமாக நின்ற நேர்ச்சைக் கடன். போன மே மாதம்தான் அடைக்க முடிந்தது. போர்ச்சுகலில் இருந்து வந்து, ராமநாதபுரம் பக்கம் ஓரியூரில் வேதத்துக்காக உயிர்விட்ட அருளானந்தர் சாமிக்கு (ஜான் டி பிரிட்டோ) கோடானு கோடி நன்றி.

என் மகனுக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல். பதினொரு நாள் கண் திறக்கவில்லை. டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, என் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து சாமி இரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணை ஒரு சிட்டிகை அவன் நெற்றியில் பூசி, “ஓரியூர்ச் சாமி, பிள்ளையைக் குடுத்துரு. முடி எறக்கி, கெடா வெட்டி, உன் சன்னிதியில சோறு போடுறேன்” என்று நேர்ந்துகொண்டார். மறுநாள் சாயங்காலம் அவன் தண்ணீர் கேட்டான்.

அப்புறம் கொரோனா வந்தது, வீட்டுக்காரருக்கு வேலை மாறியது, தள்ளிக்கொண்டே போனது. போன வருடம் அம்மாவும் போய்விட்டார். கடைசி வாரத்தில்கூட “ஓரியூர்க் கடன் நிக்குதும்மா” என்றார். அதன் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

மதுரையில் இருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வேன். காளையார்கோவில், திருவாடானை தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். வழியில் டயர் பஞ்சர். எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். நிழலுக்கு ஒரு மரம் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் ரோட்டில் நின்றோம். அருளானந்தர் இந்தச் சீமையில்தான் காவி உடுத்தி, புலால் தொடாமல், பண்டார சாமியாகக் கால்நடையாக அலைந்தார் என்று நினைத்துக்கொண்டேன். லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை அவர்.

இறங்கியதுமே ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கிடாவுக்கு ஒரு விலை, வெட்ட ஒரு விலை, அண்டாவுக்கு ஒரு வாடகை. முடி இறக்குகிற இடத்தில் பேசியது ஒன்று, மொட்டை பாதி ஆனதும் கேட்டது ஒன்று. பிள்ளை தலையில் கத்தி இருக்கும்போது யார் சண்டை போடுவார்கள்? நேர்ச்சைக்கு வருகிறவர்களிடம் இப்படிச் செய்வது பாவம். பெரியவர்கள் யாராவது ஒரு விலைப் பலகை வைக்கச் சொன்னால் ஏழைகளுக்குப் புண்ணியமாகப் போகும். எங்களுக்குப் பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டது ஓர் இந்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக வருகிறார்களாம்.

கோயிலுக்குள் போனேன். பீடத்துக்கு முன்னால் நிற்கக்கூட இடமில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டே போய், அந்தச் செம்மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

ராமநாதபுரத்தை அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி. 1686-ல் ஒருமுறை சாமியைப் பிடித்து வதைத்தபோது, இனி மறவர் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி உயிரோடு அனுப்பியவரும் அவர்தான். சாமி தன் ஊரான போர்ச்சுகலுக்குப் போனார். இளமைத் தோழர் இரண்டாம் பேதுரு அங்கே அரசராக இருந்தார். இங்கேயே இருந்துவிடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாமி கேட்கவில்லை, 1690-ல் திரும்பி வந்துவிட்டார். தீராத நோயில் கிடந்த மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவருக்கு உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசித்து ஜெபித்ததில் சுகம் கிடைத்தது. தேவர் சாமியிடம் ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியரில் ஒருத்தி மட்டும் என்று சாமி சொன்னதும் மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் உறவுப் பெண்ணும் இருந்தார். அவர் அரண்மனைக்குப் போய் அழுதார், சேதுபதி சாமியைப் பிடிக்கச் சொன்னார். 1693 பிப்ரவரி 4, இந்தப் பாம்பாற்றங்கரையில் சாமியின் தலை விழுந்தது. அன்று விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். வயது நாற்பத்தைந்து.

இதெல்லாம் சின்ன வயதில் இருந்து கேட்ட கதைதான். ஆனால் அந்த மண்ணுக்கு முன்னால் நின்றபோது, அம்மா அடிக்கடி சொல்கிற இன்னொன்றுதான் நினைவுக்கு வந்தது. அருளானந்தரே ஒரு நேர்ச்சைப் பிள்ளை. சின்ன வயதில் அவர் பிழைக்க மாட்டார் என்று ஆனபோது, அவருடைய தாயார் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்ததும் ஒரு வருடம் சேசு சபைச் சாமியார் அங்கியைப் போலச் சின்னதாகத் தைத்து அவருக்குப் போட்டுவிட்டார். அந்த மகன் வெட்டுப்பட்ட செய்தி லிஸ்பனுக்குப் போனபோது, அந்தத் தாய் துக்க உடை உடுத்தவில்லை. திருநாள் உடையில் கோயிலுக்கு வந்தார் என்பார்கள்.

என் மகன் மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, குனிந்து மண்ணைத் தொட்டான். “இதைத்தான் அம்மாச்சி எனக்குப் பூசுச்சா?” என்றான். ஜெபமாலை கையில் இருந்தது, ஒரு மந்திரம்கூட வாயில் வரவில்லை. ‘அம்மா, கொண்டுவந்து விட்டேன் அம்மா’ என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. பின்னால் இருந்து யாரோ தள்ளினார்கள், நான் நகரவில்லை. சாமியே, நீர் குடுத்த பிள்ளை இவன். உமக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்!

மதியம் கிடாக்கறி, சோறு. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புலால் தொடாத சாமிக்குக் கிடாவா என்று கேட்பவர்கள் உண்டு. பசியோடு வந்தவர்கள் வயிறு நிறைந்து எழுந்ததை நான் பார்த்தேன், எனக்கு அது போதும்.

1947-ல் புனிதர் பட்டம் கொடுத்த வருடம் என் பாட்டி இங்கே மாட்டு வண்டியில் வந்திருக்கிறார். அம்மா இளவயதில் வந்தபோது ஓரியூர் மதுரை மறைமாவட்டத்தில் இருந்தது. 1987-ல் சிவகங்கை தனி மறைமாவட்டம் ஆனது, அருளானந்தரே அதற்குப் பாதுகாவலர். அம்மா மட்டும் கடைசிவரை, மறைமாவட்டத்துக்குப் பழைய பேரில், “நம்ம மேற்றாசனம்” என்றேதான் சொல்வார்.

வீடு வந்து சேர இரவு பதினொன்று. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கொண்டுவந்த செம்மண்ணை அவனே காகிதத்தில் இருந்து பிரித்து, அம்மாவின் பெயர் எழுதிய கல்லில் ஒரு சிட்டிகை பூசிவிட்டான்.