காற்று விழுந்த கடலில்: மெந்தாவாய்த் தீவுகளுக்கு ஒரு படகுப் பயணம்

சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள படாங் நகரிலிருந்து மெந்தாவாய்த் தீவுகள் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் இருக்கின்றன. அந்த இடைக்கடலைப் பாய்விரித்தே கடந்துவிடலாம் என்ற ஆசையோடு புறப்பட்டோம். கரை கண்ணுக்கு மறைந்த சிறிது நேரத்திலேயே காற்று விழுந்துவிட்டது. பாய் தளர்ந்து தொங்க, இரவு முழுவதும் இயந்திரத்தை நம்பியே சென்றோம். பூமத்திய ரேகையை ஒட்டிய இக்கடலில் நிலையான காற்று அரிது. அவ்வப்போது மழையோடு பாய்ந்து வரும் சூறைக்காற்று படகை ஆட்டிவைத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

பாய்மரப் படகோட்டிகளைச் சோர்வடையச் செய்யும் இந்த அமைதிதான் அலைச்சறுக்கு வீரர்களை இங்கே இழுத்துவருகிறது. இங்கு உடையும் அலைகள் உள்ளூர்க் காற்றில் பிறந்தவை அல்ல. தெற்கே 40 பாகை அட்சரேகைக்கும் அப்பால் சுழன்றடிக்கும் புயல்கள் எழுப்பும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் நெடியவை முந்திக்கொள்ள, குறுகியவை பின்தங்க, சீரான வரிசையாகப் பிரிந்து வருகின்றன. 16 வினாடி இடைவெளியுள்ள அலைத்தொடர் மணிக்கு ஏறத்தாழ 45 கி.மீ. வேகத்தில் நகரும், 5,000 கி.மீ. கடக்க அதற்கு நான்கைந்து நாட்கள் தேவை. அப்படி வந்து சேரும் அலையின் முகத்தைக் கலைக்க இங்கே பலத்த காற்று இல்லை என்பதே இத்தீவுகளின் பேறு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அதற்கேற்ற பருவம்.

சிபோரா தீவின் தென்முனையில், காதியெட் கிராமத்தின் எதிரே, அந்த அலையை அருகிலிருந்து கண்டேன். 1991-இல் இங்கு வந்து அலையேறிய ஆஸ்திரேலியர் லான்ஸ் நைட்டின் பெயரால் இதனை லான்ஸ் ரைட் என்கிறார்கள். ஆழத்திலிருந்து ஓடிவரும் நீர் பவளத்திட்டின் விளிம்பில் தடுக்கப்பட்டு எழுந்து, நுனி முன்னோக்கி வளைந்து, உள்ளே ஒரு ஆள் நிற்குமளவு குகையாகிறது. அதன் முடிவில் முழங்காலளவு நீரே மூடிய பாறைப்பரப்பு ஒன்று உண்டு. அதற்கு அறுவைச் சிகிச்சை மேசை என்றே பெயர். பலகையில் அமர்ந்து குனிந்தபோது பவளத்தின் கூர்க்கிளைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அலையை உருவாக்கும் இந்தத் திட்டின் மீது நங்கூரம் வீசுவதை என்னால் ஏற்க முடியாது. சற்றுத் தொலைவானாலும் மணல் தரை தேடி நிறுத்துவதே முறை.

சிபோராவுக்குத் தெற்கே உள்ள பாகாய்த் தீவுகளில் கடலின் வேறொரு முகம் நினைவுக்கு வராமல் போகாது. 2010 அக்டோபர் 25 இரவு நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அதிர்வு மென்மையாகவே இருந்ததால், பலர் ஆபத்தை உணரும் முன்பே ஆழிப்பேரலை கரையேறியது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்களில் பலர் கடற்கரையை விட்டு மேட்டுநிலங்களில் குடியேறினார்கள். வட பாகாயின் மக்கரோனிஸ் விரிகுடாவில் அன்று நங்கூரமிட்டிருந்த இரு படகுகள் ஒன்றோடொன்று மோதி, அவற்றில் ஒன்று தீப்பற்றியது; இரண்டிலும் இருந்தவர்கள் உயிர் தப்பினர். அங்கே அலையேறுபவரின் இடப்பக்கமாக உடைந்து செல்லும் அலை இப்பயணத்தின் மிகச் சிறந்த அலை. ஆயினும் குறுகிய அந்த விரிகுடாவின் உட்பகுதியில் இரவு தங்க எங்கள் மனம் ஒப்பவில்லை. பகல் முழுவதும் அலையேறிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே படகை வெளிக்கடலுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.