ரன்னிங் போர்டுக்குள் இருந்த கடல் மணல்

அம்மாவின் ஃபியட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கலாம் என்று போன ஆகஸ்டில் முடிவு செய்தபோது, மூன்று வாரத்தில் வண்டி வீடு திரும்பிவிடும் என்று நினைத்தேன். திரும்பியது பிப்ரவரியில். அந்த ஆறு மாதத்தில் பெயிண்ட் வேலைக்கு ஆனது ஒன்பதே நாள். மற்ற நாளெல்லாம் பெயிண்டுக்குக் கீழே கிடந்த வேலைக்குப் போயிற்று.

வண்டி 1982 மாடல் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்தது. இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100 தான் மூலம் என்பதால் எங்கள் பக்கத்தில் யாரும் பத்மினி என்று சொல்வதில்லை, ஃபியட்தான். 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங்குக்குக் கீழே கை கியர். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அம்மா 18 வருடம் இதைத்தான் ஓட்டிப் போனார். ஒரு பக்கம் முழுக்கக் கடல் காற்று. இப்போது அவருக்கு 74 வயது, தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறார். ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும்.

தஞ்சாவூரில் பழைய வண்டிகளுக்கு டிங்கரிங் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நான் கலர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கவே இல்லை. துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வண்டியைச் சுற்றி ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். கூரையில் கப்பென்று பிடித்தது. பானட்டில் பிடித்தது. இடது பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் வைத்ததும் வழுக்கி விழுந்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி இருக்கிறதே, பட்டறையில் அதை ரன்னிங் போர்டு என்கிறார்கள், அங்கேயும் இரண்டு பக்கமும் விழுந்தது. விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். மேலே டங் என்று வந்த சத்தம் கீழே டொப் டொப் என்று செத்திருந்தது.

"தம்பி, கலரை அப்புறம் பேசுவோம். இங்க தகரமே இல்ல, பட்டிதான் இருக்கு" என்றார். பள்ளத்தை நிரப்பி மட்டமாக்க அப்பும் பசைதான் பட்டி, அதில் காந்தம் ஒட்டாது.

இந்த ஒரு காந்தச் சோதனையைப் பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்துபார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை. காந்தத்தைத் துணியில் சுற்றாவிட்டால் பெயிண்டில் கீறல் விழும், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது.

2009-ல் இதே வண்டிக்கு வேறொரு பட்டறையில் பெயிண்ட் அடித்தோம். அன்று பளபளவென்று வந்தது. இப்போது பாய் சுரண்டச் சுரண்ட அன்று என்ன செய்தார்கள் என்பது வெளியே வந்தது. ரன்னிங் போர்டில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதற்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டியை அப்பித் தேய்த்திருந்தார்கள். சில இடங்களில் பட்டி ஒரு விரல் கனம் இருந்தது. நல்ல தகட்டின் மேல் மேடு பள்ளம் சரி செய்ய இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வைப்பதற்குத்தான் பட்டி. அது ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் அப்பினால் ஈரத்தைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே பதினைந்து வருடம் தகடு கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வலது பக்க ரன்னிங் போர்டை கிரைண்டரால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தார். உள்ளே இருந்து ஈர மணல் கொட்டியது. கொஞ்ச நஞ்சமல்ல, ஒரு பெயிண்ட் டப்பா நிறைய அள்ளினோம். கருஞ்சாம்பல் நிறம், பொடி மணல், நடுவே கிளிஞ்சல் துண்டுகள்.

பாய்க்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் பார்த்ததும் புரிந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி போர்ட்டிகோவில் நின்றது. கடல் எங்கள் தெருவுக்குள் வந்தபோது தண்ணீர் கார் சீட் வரை ஏறியது. அம்மாவும் நானும் மொட்டை மாடியில் இருந்தோம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அம்மாவின் வகுப்புப் பிள்ளைகளும் அதில் உண்டு. வண்டியைப் பற்றி யோசிக்கவே எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. எஞ்சினைப் பிரித்து ஓட வைத்தார்கள், சீட் மாற்றினார்கள், மேலே கழுவினார்கள். மூடிய பெட்டிக்குள் கடல் உட்கார்ந்திருக்கும் என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

அன்று மாலை டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மணலைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, "அதை ஆற்றில் போடாதே, கடல்லயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வா" என்றார். நாகைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

வேலைக்கு வருகிறேன். லாரி, ஜீப் மாதிரி உடம்பைத் தாங்க அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸி) ஃபியட்டுக்குக் கிடையாது. உடம்பே எலும்பு. அதில் ரன்னிங் போர்டுதான் முதுகெலும்பு மாதிரி. இரண்டையும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. அதனால் பாய் முதலில் ஆங்கிள் இரும்பை கதவு வாசலில் குறுக்கே வைத்து வெல்டு செய்து உடம்பை இறுக்கினார். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்தார். அப்புறம் ஒரு பக்கம் அறுத்து, புதுத் தகடு மடித்து வைத்து, கதவைத் திரும்ப மாட்டி இடைவெளி பார்த்து, முழுசாகப் பற்ற வைத்த பிறகுதான் அடுத்த பக்கம். கேஸ் வெல்டிங் வேண்டாம், அந்தச் சூட்டில் மெல்லிய தகடு நெளியும் என்று சூடு அதிகம் பரவாத சிஓடூ (கரியமில வாயு) வெல்டிங் வைத்தார். அதிலும் நேர்கோடாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். ஒரு பக்கத்துக்கே பன்னிரண்டு நாள் ஆனது.

துருவைத் தேய்த்தால் மட்டும் போதாது என்பதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். உப்பு பட்ட தகட்டில், பார்வைக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் சின்னச் சின்னக் குழிக்குள் உப்பு இருக்கும். அதன் மேல் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, அடித்தால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, தேய்த்து, மறுபடி கழுவி என்று நான்கு முறை செய்தோம். கழுவும் வேலை மட்டும் என்னுடையது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டறையில்தான் கிடந்தேன். காய்ந்த உடனே, ஒரு இரவுகூடத் தகட்டை வெறுமனே விடாமல், எபாக்ஸி பிரைமர் ஏற்றினார்.

முன் கண்ணாடியின் ரப்பரைக் கழற்றியபோது கீழ் இரண்டு மூலையிலும் துரு. கண்ணாடியைக் கழற்றாமல் பேப்பர் ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் இது கண்ணில் படவே படாது. செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டது. ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப்போகும் என்று பாய் தொடவில்லை. தை பிறந்து வெயில் காய்ந்த பிறகுதான் கலர் ஏறியது. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் அதே தந்த வெள்ளை. செலவு? முதலில் சொன்னது 60,000. முடிந்தபோது 1,85,000. அதில் கலருக்கு ஆனது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள், பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கும்வரை எந்தத் தொகைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டறைக்காரருக்கும் அது நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

வண்டி எடுக்கப் போன அன்று அம்மாவையும் கூட்டிப் போனேன். பாய் அவருக்கு நாற்காலி போட்டார். ரன்னிங் போர்டுக்குள் குழாய் விட்டு மெழுகு அடித்திருப்பதையும், கதவின் அடியில் தண்ணீர் வடிய நான்கு ஓட்டை விட்டிருப்பதையும் காட்டினார். "டீச்சரம்மா, பாருங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கதவுக் கண்ணாடியின் மேல் ஊற்றினார். அம்மா நாற்காலியிலிருந்து குனிந்து கதவின் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஒரு ஓட்டை வழியாகச் சொட்டியது, அப்புறம் இன்னொன்று வழியாக.

"இன்னொரு சொம்பு ஊத்துங்க பாய்" என்றார் அம்மா.