ஒரு வீட்டில் மூன்று பிறந்தநாள்

எங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். அண்ணன் 1986இல் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தார். அப்போது வீட்டார் இலங்கையிலிருந்து படகில் வந்து மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் வந்ததும் இனிப் பயமில்லை என்று மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். அங்கே 1989இல் அக்கா. 1990இல் மறுபடி சண்டை, மறுபடி படகு. இந்தத் தடவை மண்டபத்திலிருந்து மதுரை மாவட்டத்துக்கு அனுப்பி, திருவாதவூர் முகாமில் குடிவைத்தார்கள். 1992இல் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நான்.

ஒரே தாய், ஒரே தகப்பன். ஆனால் சட்டத்துக்கு நாங்கள் மூன்று விதமான ஆட்கள்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இல் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு சொல்வது இதுதான்: 26-1-1950 முதல் 1-7-1987க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், வெளிநாட்டுத் தூதர் வீட்டுப் பிள்ளை போன்ற சில விலக்குகள் போக, பிறப்பாலேயே இந்தியர். தாய் தகப்பன் எந்த நாடு, எப்படி வந்தார்கள் என்ற பேச்சே இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3-12-2004க்குப் பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் இந்தியர், மற்றவர் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் என்றாலும் பிள்ளைக்குக் கிடையாது.

ஆக, அண்ணன் இந்தியர். அக்கா இலங்கையில் பிறந்த இலங்கைக்காரி. நான் மதுரையில் பிறந்து, மதுரையில் படித்து, 'அங்கிட்டு இங்கிட்டு' என்று பேசினாலும் இந்தியர் இல்லை. இலங்கையிலும் என் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

அண்ணன் இந்தியர் என்று சொன்னால் முகாமில் சிரிப்பார்கள். மாதாமாதம் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்து தணிக்கை, அதாவது ஆள் கணக்கு, எடுக்கும்போது அவரும்தான் பெயிண்டிங் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார். வரவில்லையென்றால் அகதிகளுக்கு அரசு தரும் பணக்கொடையில் கை வைப்பார்கள். இந்தியக் குடிமகன் ஒருவர் அகதி என்று கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கே தோன்றவில்லை. 2022இல்தான் விஷயம் வெளியே வந்தது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எங்கள் ஊர் பஸ் ஒத்தக்கடையில் திரும்பி அந்த நீதிமன்றத்தைத் தாண்டித்தான் மாட்டுத்தாவணி போகும். அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் ராமநாதபுரத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுத்தார். அதில் பெற்றோர் முகவரி மண்டபம் முகாம் என்றே இருக்கிறது. அந்த முகவரியைக் காட்டினால் வாடகைக்கு வீடுகூடக் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. இப்போது அதுவே அவருக்குச் சாட்சி.

ஆனால் அவருடைய பிள்ளைகள் இந்தியர் இல்லை! அண்ணி மன்னாரில் பிறந்து 1990இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். மடியில் கிடந்து வந்த குழந்தையையும் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. பிள்ளைகள் இருவரும் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். அப்பா இந்தியர் என்பது அவர்களுக்கு உதவவில்லை. உதவியது அண்ணியின் பிறப்புச் சான்றிதழ்தான். முன்பெல்லாம் இலங்கைச் சட்டத்தில் வம்சாவழிக் குடியுரிமை தகப்பன் வழியாக மட்டுமே வரும். 2003இல் திருத்தினார்கள், இப்போது தாய் வழியாகவும் வரும். எனவே அந்த வீட்டில் தகப்பன் இந்தியர், தாயும் பிள்ளைகளும் இலங்கையர். நான்கு பேரும் பத்துக்குப் பத்து அறையில்.

இனி என் கதை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது விதி. தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். காரணமா? படகில் வந்த மனிதர் 1992இல் தாசில்தார் அனுமதி இல்லாமல் சென்னை போய்த் தூதரகத்துப் படியேற முடியுமா? என் வீட்டுக்காரரும் முகாமில் பிறந்தவர்தான். அதனால் முதலில் எங்கள் இருவரையும் பதிந்துவிட்டு, அதன்பிறகே பிள்ளைகளுக்குக் கேட்கலாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் வேண்டியது, எங்கள் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்பதற்கான காகிதம். அப்பாவும் இல்லை, காகிதமும் இல்லை.

கை கொடுத்தது அக்கா. போர் முடிந்த சில வருடங்களில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிப் போய் மன்னாரில் இருக்கிறாள். அப்பாவின் பிறந்த தேதி அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. "மாரி காலத்திலதான் பிறந்தவராம், மாமி சொல்லுவா" என்பார். அக்கா பங்குக் கோயிலில் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்ட வைத்தாள். அதில் கிடைத்த தேதியை வைத்துப் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்தாள். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வந்த ஒருவர் கையில் அது வந்து சேர்ந்தது.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை அன்றுதான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். நம் ஊர்ச் சான்றிதழில் குழந்தை, அப்பா, அம்மா, முகவரி, அவ்வளவுதான். அங்கே பெற்றோர் மணம் முடித்தவர்களா என்று ஒரு கட்டம். பாட்டன் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று இன்னொரு கட்டம். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் என்று தலைமுறை எண்ணிக் குடியுரிமை கொடுத்தது. மலையகத் தோட்டங்களில் இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கானவர்கள் அந்த எண்ணிக்கையில்தான் வெளியே தள்ளப்பட்டார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. எங்களைத் தள்ளிவைக்காமல் உள்ளே விட்டது, நான் பார்த்தே இராத பாட்டனாரின் அந்த ஒற்றைக் கட்டம்.

அடுத்த இழுபறி பெயர். அங்கே தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். இங்கே அது இனிஷியலாகச் சுருங்கிவிடும். மாநகராட்சிச் சான்றிதழ், பள்ளி டி.சி., முகாம் குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றிலும் நான் ஒவ்வொரு ஆள். எல்லாம் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். கோயிலில் தாலி கட்டிவிட்டுக் கல்யாணத்தைப் பதியாமல் விட்ட பக்கத்து வீட்டார் பாடு இன்னும் மோசம். முதலில் கல்யாணத்துக்கே காகிதம் தேட வேண்டியிருந்தது. விண்ணப்பங்களை நிரப்ப ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்காரர்கள் உதவினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் முகாமில் பாதிப்பேர் தொடங்கியே இருக்க மாட்டார்கள்.

இதைச் செய்யலாமா கூடாதா என்று முகாமில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "இலங்கைக் குடியுரிமை எடுத்துட்டா, நாளைக்கு இந்தியா கொடுக்கும்போது உங்களுக்குக் கிடையாது" என்றார்கள் சில அண்ணன்மார். எனக்கு அந்த வாதம் ஒத்துவரவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 9-1-2015 வரை வந்து பதிவுசெய்த எங்களைக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்குத் தண்டிப்பதில்லை என்கிறது. நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை ஆகாது. வரப்போகும் ஒன்றுக்காகப் பிள்ளைகளை எந்த நாட்டுப் பதிவிலும் இல்லாமல் வைத்திருக்க எனக்கு மனம் இல்லை. அம்மா ஒரே வரியில் முடித்தார்: "பிள்ளையளுக்கு ஏதோ ஒரு நாடு இருக்கட்டும் பிள்ளை, எந்த நாடெண்டு பிறகு பாப்பம்."

எங்கள் சான்றிதழ்களும் பிள்ளைகளுடையதும் வந்துவிட்டன. லேமினேட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஃபைலில் இருக்கின்றன. தணிக்கை வழக்கம்போல நடக்கிறது. அண்ணனின் பாஸ்போர்ட் விண்ணப்பம் போலீஸ் விசாரணையில் நிற்கிறது. அம்மாவுக்கோ பேரப்பிள்ளைகளை ஆகஸ்டில் மடுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போக ஆசை. போகலாம், பயணக் காகிதமும் இங்கிருந்து வெளியேற அனுமதியும் வாங்கினால். திரும்பி வரத்தான் விசா வேண்டும், இலங்கையர் யாருக்கும் போல. மகள் எட்டாம் வகுப்பு. பத்தாவது முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.